பந்தல் முதல் சேப்பாக்கம் வரை: இழுவிசைத் துணிக் கூரைகள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

சென்ற ஆண்டு என் தம்பியை அழைத்துக்கொண்டு சேப்பாக்கம் மைதானத்தில் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். ஆவடியில் மின்ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்தால், சேப்பாக்கம் நிலையத்தை ஒட்டியே மைதானம். ஆட்டம் பார்க்கப் போன நான் பாதி நேரம் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தம்பிக்கு இன்றளவும் என்மேல் குறை உண்டு.

அதற்குக் காரணம் இருக்கிறது. என் தந்தை பந்தல் போடும் தொழிலாளி. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கங்களில் கலியாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் சவுக்குக் கட்டை நட்டுச் சாமியானா கட்டுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத மாலையில், கோயில் அன்னதானத்திற்கு அவர் போட்டிருந்த பந்தலைக் கோடை மழைக் காற்று கட்டைகளோடு பிடுங்கிப் புரட்டிவிட்டது. பந்தி முடிந்திருந்ததால் மற்றவர்கள் தப்பினார்கள். கயிற்றைப் பிடித்து நிறுத்தப் பார்த்த அப்பாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் வீட்டில் வருமானமில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, அத்தனை கட்டையையும் புடுங்கிக்கிட்டுப் போற அளவுக்கு அந்தத் துணிக்கு எங்கிருந்து பலம் வந்துச்சு? நீ படிக்கிற பாடத்துல அதுக்குக் கணக்கு இருக்கா?" எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நான்தான் முதல். அன்று எனக்கு விடை தெரியவில்லை. ஒரு சாமியானா பறந்துபோகிறது. சேப்பாக்கத்தில் கடற்கரைக்கு அருகிலேயே துணிக் கூரை ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்பதை நம் பாடத்திட்டத்தில் உள்ள இயற்பியலைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றின் கணக்கு

வீசும் காற்று ஒரு பரப்பின்மீது தரும் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வருவது என்று நாம் படித்திருக்கிறோம். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். எனவே 0.6ஐ வேகத்தின் இருமடியால் பெருக்கினால் சதுரமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் கிடைத்துவிடும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதியும் இந்த 0.6ஐயே பயன்படுத்துகிறது.

அன்று காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 16.7 மீட்டர். அழுத்தம் சதுரமீட்டருக்கு 167 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 17 கிலோ எடை. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அப்பாவின் பந்தல் இருபதுக்கு நாற்பது அடி. பரப்பு 74 சதுரமீட்டர். அடியில் புகுந்த காற்று இந்த அழுத்தம் முழுவதையும் மேல்நோக்கிச் செலுத்தினால் தூக்கும் விசை ஏறக்குறைய 1,250 கிலோ! துணியும் கயிறும் சேர்ந்து நாற்பது கிலோ இருந்தால் அதிகம். பன்னிரண்டு கட்டைகள் என்றால் ஒவ்வொன்றையும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசை மேலே இழுக்கிறது. ஒன்றரை அடி ஆழத்தில் நட்ட கட்டையை இளகிய மண் எப்படிப் பிடித்து வைத்திருக்கும்?

வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அப்போது சதுரமீட்டருக்கு 460 நியூட்டனுக்கு மேல். சென்னையில் நிலையான கட்டடம் கட்டுவோர் அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதன் அழுத்தம் 1,500 நியூட்டன். ஒரு சதுரமீட்டரில் சுமார் 150 கிலோ. கூரையின் வடிவத்தையும் உயரத்தையும் பொறுத்து இது கூடலாம், குறையலாம். கணக்கின் அளவை அறிய இந்த எண்ணே போதும்.

எடை இல்லாத கூரை

பத்து சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் சதுரமீட்டருக்கு 250 கிலோ எடை உள்ளது. 150 கிலோ விசை அதைத் தூக்க முடியாது. கான்கிரீட் வீடு புயலில் கவலையின்றி இருப்பதற்கு அதன் எடையே காரணம். மாறாக, விளையாட்டரங்குக் கூரைத் துணியின் எடை சதுரமீட்டருக்கு ஒன்று, ஒன்றரை கிலோதான். புயற்காற்று அதன் எடையைப் போல் நூறு மடங்கு விசையோடு அதைத் தூக்கப் பார்க்கிறது.

கூரை என்றால் கீழே விழாமல் தாங்க வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். துணிக் கூரையிலோ, மேலே பறந்துவிடாமல் பிடித்து வைப்பதே பெரிய வேலை. எடை செய்ய வேண்டிய வேலையை இங்கு இரண்டு பொருள்கள் செய்கின்றன. ஒன்று வடிவம், மற்றொன்று இழுப்பு.

சோப்புப் படலம் சொல்லும் பாடம்

பரப்பு இழுவிசைப் பாடத்தில், வளைந்த படலத்தின் இருபுறத்து அழுத்த வேறுபாட்டுக்கும் வளைவு ஆரத்துக்கும் உள்ள தொடர்பைப் படித்தோம். அதே தொடர்பு துணிக்கும் பொருந்தும். ஒரு திசையில் மட்டும் பார்த்தால், துணியின் இழுவிசை என்பது அழுத்தத்தை வளைவு ஆரத்தால் பெருக்க வருவது.

இதன் பொருளை எண்களில் காண்போம். அழுத்தம் 1,500 நியூட்டன். துணி ஏறக்குறையத் தட்டையாக, 200 மீட்டர் ஆரத்தில் மட்டுமே வளைந்திருந்தால், ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டைக்கு 3,000 நியூட்டன் இழுவிசை வரும். அது 300 கிலோ, துணி கிழியும். அதே துணியைப் பத்து மீட்டர் ஆரத்தில் வளைத்துவிட்டால் இழுவிசை 150 நியூட்டன். சென்டிமீட்டருக்கு 15 கிலோ மட்டுமே. காற்று மாறவில்லை, துணி மாறவில்லை, வளைவு மட்டும் மாறியது. தட்டையான துணி எவ்வளவு கனமானதாக இருந்தாலும் பலமற்றது என்பது இதனால் விளங்கும்.

ஆனால் ஒரே பக்கம் வளைந்தால் போதாது. காற்று மேலே தள்ளும். மழை நீர் கீழே அழுத்தும். ஆகவே ஒரு திசையில் வில் போல மேல்நோக்கியும், குறுக்குத் திசையில் தொட்டில் போலக் கீழ்நோக்கியும் துணி வளைந்திருக்க வேண்டும். குதிரைச் சேணத்தை நினைத்துப் பாருங்கள். காற்று தூக்கும்போது வில் போன்ற இழைகள் இறுகித் தடுக்கும். நீர் அழுத்தும்போது தொட்டில் போன்ற இழைகள் இறுகித் தாங்கும்.

இந்த வடிவத்தை எங்கே தேடுவது? வளைத்த கம்பிச் சட்டத்தைச் சோப்புக் கரைசலில் முக்கி எடுத்தால் தானே வரும். இருபுறமும் ஒரே காற்றழுத்தம் இருப்பதால், ஒரு திசையின் வளைவை மறு திசையின் வளைவு ஈடு செய்தாக வேண்டும். அச்சட்டத்திற்குள் அமையக்கூடிய மிகக் குறைந்த பரப்பும் அதுவே. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ இந்தச் சோப்புப் படலங்களையே ஆசானாகக் கொண்டார். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்து, பிரான்சில் போர்க் கைதியாக அடைபட்டபோது, கிடைத்த சொற்பப் பொருள்களில் கூடாரம் அமைக்கப் பழகியவர் அவர். 1955இல் காசெல் நகரப் பூங்காக் கண்காட்சியில் இசை மேடைக்கு மேல் அவர் கட்டிய சிறிய நான்முனைக் கூரை இத்துறையின் முன்னோடி. 1964இல் ஸ்டுட்கார்ட்டில் மென்கட்டமைப்புகளுக்கென ஓர் ஆய்வு நிலையத்தையே நிறுவினார்.

ஒரு சிறு சோதனை

நண்பர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய பனியன் துணியில் ஒரு சதுரம் வெட்டி, நான்கு மூலைகளையும் ஒரே உயரத்தில் நான்கு குச்சிகளில் கட்டுங்கள். மேசை விசிறியை வையுங்கள். எவ்வளவு இறுக்கினாலும் துணி படபடக்கும். பிறகு எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தி, மற்ற இரண்டைத் தாழ்த்தி, நான்கையும் இழுத்துக் கட்டுங்கள். துணி சேண வடிவம் பெறும். அதே விசிறிக் காற்றில் படபடப்பு வெகுவாகக் குறைவதைக் காண்பீர்கள்.

இழுத்துக் கட்டுவது ஏன்? காற்று தூக்கும்போது ஒரு திசை இழைகள் இறுகினால் மறு திசை இழைகள் தளரும். தளர்ந்த துணி அடித்துக்கொள்ளும்; அடித்துக்கொள்ளும் துணி நைந்து கிழியும். முன்கூட்டியே இரு திசையிலும் போதிய இழுப்பு கொடுத்து வைத்தால், புயலிலும் எந்த இழையும் முழுதாகத் தளராது. வீணைத் தந்தியை முறுக்குவது போலத்தான். "தொய்வு விட்டா காத்து பூந்து தூக்கிடும்" என்று அப்பா வேலையாட்களிடம் சொல்வதன் அறிவியல் விளக்கம் இதுவே.

சேப்பாக்கத்துக் கூம்புகள்

நம் ஊருக்கு மிக அருகில் உள்ள சிறந்த சான்று எம்.ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கம். 1916இல் தொடங்கிய மைதானம் இது. 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும், 1986இல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டம் சமநிலையில் முடிந்ததும் இங்கேதான். பழைய பார்வையாளர் மாடங்களில் கூரையைத் தாங்க வரிசையாகத் தூண்கள் நின்றன. தூணுக்குப் பின்னால் அமர்ந்தவருக்குப் பந்தாளரைத் தெரிந்தால் மட்டையாளரைத் தெரியாது. காற்றோட்டமும் குறைவு.

2011 உலகக் கோப்பைக்காக இடித்துக் கட்டியபோது, லண்டனைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் கட்டடக்கலை நிறுவனம் புதிய மாடங்களை வடிவமைத்தது. இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தின் மவுண்ட் ஸ்டாண்டுக்கு 1987இல் கூடாரங்களை வரிசையாக வைத்தாற்போலத் துணிக் கூரை அமைத்த அதே நிறுவனம். சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே என்ற மூன்று மாடங்களிலும் ஏறத்தாழ 12,000 இருக்கைகள். அவற்றின் மேல் எஃகுக் கம்பங்களும் கம்பி வடங்களும் பிடித்து நிறுத்தும் வெள்ளைக் கூம்புகள்.

கூம்பு என்றதும் ஐஸ்கிரீம் கூம்பை நினைக்கக் கூடாது. அதன் பக்கங்கள் நேர்கோடு. ஊமத்தம் பூவைக் கவிழ்த்துப் பிடியுங்கள், அல்லது நாதசுரத்தின் அணசைப் பாருங்கள். சுற்றுவாக்கில் அது வெளிப்புறம் வளைகிறது. உச்சியிலிருந்து விளிம்புக்கு வரும் கோடு உட்புறம் வளைந்து இறங்குகிறது. நாம் தேடிய இரட்டை வளைவு அதுவே. சுற்று இழைகள் காற்றைத் தடுக்கும். இறங்கும் இழைகள் மழையைத் தாங்கும். கூரையே கனமற்றதாகையால் தாங்கும் கம்பங்களைப் பார்வையாளருக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறது; கண்ணுக்கு முன் தூணில்லை. மாடங்களுக்கிடையே உள்ள வெளி வழியாகக் கடற்காற்றும் மைதானத்துக்குள் வருகிறது.

துணி எது?

இது நாம் உடுத்தும் துணி அன்று. கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்து நெய்து, இருபுறமும் டெஃப்லான் பூசிய படலம். டெஃப்லான் என்பது எண்ணெயில்லாமல் தோசை வார்க்கும் கல்லில் பூசியிருக்கும் அதே பொருள். தோசை ஒட்டாதது போலவே இங்கு தூசியும் ஒட்டாது. ஒரு மழை பெய்தால் கூரை கழுவப்பட்டுவிடும். கண்ணாடி இழை எளிதில் தீப்பற்றாது. வெயிலின் புறஊதாக் கதிர்களால் மட்காது. சென்டிமீட்டருக்கு 1,000 நியூட்டனுக்கு மேல் தாங்கும் வகைகள் உண்டு. நாம் கணக்கிட்ட 150 நியூட்டனுக்கு இது போதிய காப்பு. வெள்ளை நிறமாதலால் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பி, பத்தில் ஒரு பங்கு அளவு வெளிச்சத்தை மட்டும் மென்மையாக உள்ளே விடும். அதனால் பகலில் விளக்குத் தேவையில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும்.

விலை குறைந்த மற்றொரு வகை பாலியெஸ்டர் துணியில் பி.வி.சி. பூசியது. தெருமுனைகளில் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனர் இதன் ஏழைப் பங்காளி. நல்ல தரமானது பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கும். மடித்து எடுத்துச் செல்லலாம் என்பது இதன் சிறப்பு. கண்ணாடி இழையை மடித்தால் இழை முறிந்துவிடும்.

வெட்டும் கலை

என் தாயார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் தையல் வேலை செய்கிறார். தட்டையான துணியிலிருந்து இரட்டை வளைவு எப்படி வரும் என்று நான் குழம்பியபோது, "ரவிக்கைக்கு டாட் புடிக்கிறோமே, அது மாதிரிதானே?" என்று கேட்டார். முற்றிலும் சரியான விடை!

துணி உருளையாகத்தான் ஆலையிலிருந்து வருகிறது. அதை இலைபோன்ற பட்டைகளாக வெட்டி இணைத்தால்தான் கூம்பு வடிவம் வரும். ஒவ்வொரு பட்டையின் அளவையும் இன்று கணிப்பொறி கணக்கிட்டுத் தருகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. இழுத்துக் கட்டும்போது துணி சற்றே நீளும். ஆகவே அந்த அளவு சிறியதாகவே வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் தொய்யும். மிகச் சிறிதாக வெட்டினால் விளிம்பு வடத்தை எட்டாது. டெஃப்லான் படலத்தை ஊசியால் தைப்பதில்லை. ஊசித் துளை கிழிசலுக்கு வழி. விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, டெஃப்லான் உருகும் 327 பாகைக்கு மேல் சூடேற்றி அழுத்தி ஒட்டுகிறார்கள்.

பிற அரங்குகள்

1972இல் மியூனிக் ஒலிம்பிக் பூங்காவுக்குக் குந்தர் பெனிஷும் ஃப்ரை ஓட்டோவும் அமைத்த கூரை உலகை வியக்கவைத்தது. அதில் கம்பி வலையின் மேல் இருப்பது துணியன்று, அக்ரிலிக் தகடு. வடிவத் தத்துவம் மட்டும் ஒன்றே. 1980களின் தொடக்கத்தில் ஜித்தா விமான நிலையத்தில் ஹஜ் பயணிகளுக்காக எழுந்த முனையத்தில், 45 மீட்டர் சதுரமான 210 டெஃப்லான் கூடாரங்கள் பாலைவன வெயிலைத் தடுக்கின்றன. அதன் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் டாக்காவில் பிறந்தவர். 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகப் புதுப்பித்த தில்லி ஜவாஹர்லால் நேரு அரங்கத்திலும், 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்த மும்பை வாங்கடே அரங்கத்திலும் டெஃப்லான் படலக் கூரையே உள்ளது. கூரையோடு நிற்காமல் சுற்றுச் சுவராகவும் படலம் பயன்படுகிறது. 2005இல் திறந்த மியூனிக் அலியான்ஸ் அரங்கத்தின் புறத்தோற்றம் முழுவதும் காற்றடைத்த மென்படலத் தலையணைகளே.

குறைகளும் உண்டு

எல்லாம் நன்மையே என்று சொல்லிவிட முடியாது. இக்கூரையில் ஒவ்வோர் உறுப்பும் மற்றொன்றை நம்பி நிற்கிறது. ஒரு வடம் தளர்ந்தால் வளைவு கெடும். வளைவு கெட்டால் நீர் தேங்கும். பத்து சென்டிமீட்டர் நீர் ஒரு சதுரமீட்டரில் தேங்கினாலே நூறு கிலோ. அதன் பாரத்தால் துணி மேலும் தொய்ய, மேலும் நீர் சேரும். மழை நாளில் பந்தலின் தொப்பையை மூங்கிலால் குத்தி நீரை வழியவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகர அரங்கத்தின் துணிக் கூரை உள்ளே ஊதிய காற்றின் அழுத்தத்தால் நின்ற வகை. 2010 டிசம்பர் 12 அன்று பனிப் பாரம் தாங்காமல் கிழிந்து சரிந்தது. மேலும் மெல்லிய படலம் வெப்பத்தை முழுதாகத் தடுப்பதில்லை. காற்றோட்டமுள்ள அரங்குக்கு ஏற்றது, அடைத்த வகுப்பறைக்கு ஏற்றதன்று. விலையும் அதிகம்.

முடிவுரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கணக்கையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். 1,250 கிலோ என்ற எண்ணைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்ப அன்னிக்கு நான் கயித்தப் புடிச்சதே தப்பு" என்றார். ஆம், மனிதக் கை பிடித்து நிறுத்தக்கூடிய விசை அன்று அது.

இப்போது அவர் கட்டும் பந்தல்களில் ஒரு மூலை உயர்ந்தும் அடுத்த மூலை தாழ்ந்தும் இருக்கும். கட்டைகளை மட்டும் நம்பாமல் வெளியே சாய்வாக முளை அடித்து இழுகயிறு கட்டுகிறார். துணிகளுக்கிடையே காற்றுப் போக இடைவெளி விடுகிறார். மேற்கே கருத்தால், யார் என்ன சொன்னாலும் ஆட்களை வெளியேற்றி முதலில் துணியை இறக்கிவிடுகிறார். சாமியானா சேப்பாக்கம் கூரை ஆகிவிடாது. அரங்கம் கட்டுவதற்குப் பொறியாளர்களின் முழுக் கணக்கு வேண்டும். ஆனால் இரண்டையும் ஆளும் விதி ஒன்றே.

அப்பாவின் கயிறும் அம்மாவின் கத்தரிக்கோலும் பல ஆண்டுகளாக அறிந்திருந்ததையே நான் இங்கு சமன்பாடாக எழுதியிருக்கிறேன். கட்டைகளைப் பிடுங்கும் பலம் துணிக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, அது துணியின் பலமன்று, காற்றின் பலம் என்பதே விடை. அந்தக் கணக்கு நம் பாடத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் இன்னும் இதுபோன்ற எத்தனையோ கேள்விகள் காத்திருக்கும். மாணவ நண்பர்கள் அவற்றைக் கேட்டு வந்து, அடுத்த மலரில் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.